பின் சக்கரம்

பட்டறைக்காரருக்குக் கை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். நாலு பேர் கூடி நின்றுவிட்டால் போதும், அது தன்பாட்டுக்கு ஓட ஆரம்பித்துவிடும். பழைய வண்டிகள் சங்கத்துக் கூட்டத்தில் தேநீர்க் குவளையும் கையுமாக நின்றுகொண்டு, "எங்க அப்பா வண்டிங்க. பெரிய யுத்தத்துக்கு முந்தி வந்தது. ஒரு ஆணி கூட வெளியே வாங்கல, அத்தனையும் கூடப் பொறந்தது" என்று சொன்னது அப்படி ஓடிய வாய்தான். சுற்றி நின்றவர்கள் அடேயப்பா என்றார்கள். கண்காட்சிக்குக் கொண்டுவருவீர்களா என்று கேட்டார்கள். கொண்டுவராமல் என்ன என்று அதற்கும் வாயே பதில் சொல்லிவிட்டது.

அந்த மோட்டார் சைக்கிள் பட்டறையின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றது. பகலெல்லாம் ஊரார் வண்டிகளுக்கு ஆயில் மாற்றி, பிரேக் பிடித்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தையெல்லாம் அதன் மேல்தான் கொட்டினார். அப்பா தண்ணீர்க்குழாய் ஃபிட்டர். குழாய்க்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்ட்டை வருஷா வருஷம் வண்டிக்கும் பூசிவிடுவார். அந்தப் பச்சையைச் சுரண்டச் சுரண்ட அடியிலிருந்து கறுப்பும், கறுப்பின் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு பொன்கோடும் வெளியே வந்த அன்று, பட்டறைக்காரர் அடுப்படியில் நின்ற மனைவியை ஈரக்கையோடு இழுத்துவந்து காட்டினார். கார்பரேட்டரைப் பிரித்து ஊறப்போட்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகளையெல்லாம் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்தார். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குப் புதுக் கம்பி சுற்றினார். டேங்குக்குப் பக்கத்தில் கையால் தள்ளிப் போடுகிற கியர் லிவரின் குமிழில் அப்பாவின் உள்ளங்கை தேய்த்த பள்ளம் இருந்தது. அதை மட்டும் பாலிஷ் போடாமல் விட்டுவிட்டார்.

எல்லாம் இருந்தது. பின் சக்கரம் மட்டும் இல்லை. அதே கம்பெனி வண்டியின் சக்கரம் ஒன்று பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. அதை மாட்டி, கறுப்பு அடித்து நிறுத்திவிட்டார். யாருக்குத் தெரியப்போகிறது?

பூதக்கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது. அவர் சங்கத்தில் மூத்தவர், வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பழைய வண்டியைக் கண்டாலும் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை உருவிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். கண்காட்சிக்கு முன்னால் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாமென்று தூறலில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். வண்டியின் கழுத்தில் தொடங்கினார்.

"ஃப்ரேம் நம்பர் இருக்கு. எஞ்சின் நம்பர் ஒத்துப்போகுது. கியர்பாக்ஸும் இதுக்குப் பொறந்த புள்ளதான். பிரமாதங்க, பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சீக்கிரம் எழுந்திருக்கவில்லை.

"இந்த வீல் எங்கேருந்து வந்துச்சு?"

"ஏன் சார்?"

"இது யுத்தம் முடிஞ்சப்புறம் வந்த மாடலோடதாச்சே. பிரேக் டிரம்மைப் பாருங்க, ஒரு விரல் அகலம் அதிகம். ரிம்மும் லேசு. உங்க வண்டிக்கு வந்தது நல்ல கனமான ரிம். டிரம் ஓரத்துல நம்பர் அடிச்சிருக்கும்." அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கேலி எதுவும் இல்லை. "ஒரு ஆணி கூட வெளியே வாங்கலன்னு சொன்னீங்களே?"

கேலி செய்திருந்தால்கூடத் தேவலை. பட்டறைக்காரருக்குக் காது மடல் இரண்டும் சுட்டது.

"அசல் இருக்குங்க சார். வேற எடத்துல பத்திரமா வச்சிருக்கேன். கண்காட்சிக்குள்ள மாட்டிடுவேன்" என்றார்.

பத்திரமான இடம் என்பது தம்பி வீடு.

அப்பா போன பிறகு அண்ணன் தம்பிக்குள் பங்கு பிரிக்க ஒன்றும் பெரிதாக இல்லை. வண்டிதான் இருந்தது. வண்டி எனக்கு என்றார் அண்ணன், பட்டறை வைத்திருக்கிறவன் நான்தானே என்று. எனக்கும்தானே அப்பா என்றான் தம்பி. பேச்சு முற்றி, "நீ தொட்ட எதுடா உருப்பட்டிருக்கு?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். தம்பி அப்போது வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தான். ஸ்பானரை எடுத்துவந்து பின் சக்கரத்தைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டான். அதன்பிறகு ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. தம்பி சாணை பிடிக்கிறான், தெருத்தெருவாக வண்டி தள்ளுகிறான் என்று காதில் விழுந்ததோடு சரி.

ஆரஞ்சுப் பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு பட்டறைக்காரர் ரயில் பாதையைத் தாண்டினார். என்ன சொல்லிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் அமையவில்லை. வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தம்பி மனைவி அவரைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மாமா! வாங்க மாமா! யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"என்னம்மா?"

"அவருக்கு முடியலன்னு. முட்டி வீங்கிக் கெடக்காரு மாமா, ஒரு வாரமா வேலைக்குப் போகல. கேள்விப்பட்டுத்தானே வந்தீங்க?"

பட்டறைக்காரர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்ல அந்த ஒரு நொடிதான் இருந்தது.

"ஆமாம்மா" என்றார். "கேள்விப்பட்டேன்."

உள்ளே ஒரே அறை. தம்பி காலை நீட்டி முட்டியின் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போய், முடியாமல் சுவரைப் பிடித்தான்.

"உக்காருடா, உக்காரு."

"நீங்க வருவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லண்ணே." சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "அன்னிக்கு நானும் அப்படி வீலக் கழட்டிட்டு வந்திருக்கக் கூடாது."

"அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றார் பட்டறைக்காரர். கையிலிருந்த பழப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்றாள் தம்பி மனைவி. அவசரமாக மீன் வாங்கிவந்து வறுத்தாள். தையல் கடையில் வேலை பார்க்கிற மகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள், "பெரியப்பாவா?" என்று கதவிலேயே நின்றுவிட்டாள். அவளை அவர் கடைசியாகப் பார்த்தபோது மேல்வரிசைப் பல் இரண்டும் விழுந்திருந்தன. பெரிய துண்டத்தையெல்லாம் அவர் தட்டில்தான் வைத்தார்கள். அவர் முள்ளை எடுத்துக்கொண்டே கொல்லைப்பக்கக் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே தார்ப்பாயால் மூடின சாணை வண்டி நின்றது. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சக்கரத்தின் வளைவு தெரிந்தது.

கை கழுவுகிற சாக்கில் வெளியே போனார். தார்ப்பாயைத் தூக்கினார்.

மரச்சட்டத்தின் நடுவில் அப்பா வண்டியின் பின் சக்கரம் நின்றது. டயர் இல்லாத ரிம்மின் பள்ளத்தில் தோல்பட்டை ஓடி மேலே இருக்கிற சாணைக்கல்லைச் சுற்றியது. கீழே மிதிகட்டை. அவர் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்தி, மண்டியிட்டு, துண்டு நுனியால் டிரம் ஓரத்து எண்ணெய் அழுக்கைத் தேய்த்தார். நம்பர் வந்தது. அதற்குப் பக்கத்தில் முக்கோணமாக மூன்று புள்ளிகள். தன் சாமான் வேறு ஆள் சாமானோடு கலந்துவிடாமலிருக்க அப்பா உளியால் குத்தி வைக்கிற அடையாளம்.

"என்ன தேடறீங்க பெரியப்பா?"

தம்பி மகள் பின்னால் நின்றாள். பட்டறைக்காரர் துண்டை மடக்கினார்.

"ஒண்ணுமில்லம்மா. பேரிங்ல எண்ணெய் இருக்கான்னு பார்த்தேன்."

"அப்பா! பெரியப்பா உன் வண்டியச் சரி பண்றாங்க!" என்று அவள் உள்ளே குரல் கொடுத்தாள்.

"பாருங்கண்ணே, பாருங்க!" உள்ளேயிருந்து தம்பியின் குரல் குழந்தையுடையது மாதிரி வந்தது. "ஒரு பக்கமா லேசா ஆடுது. நீங்க கைவச்சா சரியாயிடும். வேணும்னா பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க. நான் எப்படியும் நாலு நாள் எழுந்திருக்க மாட்டேன்."

அவர் கேட்கவே இல்லை. அவர்களாகவே கழற்றிக் கொடுத்தார்கள். தம்பி மகள் ஒரு பழைய சேலையில் சக்கரத்தைச் சுற்றி, தெருமுனை வரை தூக்கிவந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

ஆட்டமெல்லாம் பத்து நிமிஷ வேலை. ஒரு கோன் நட்டை இறுக்கினால் முடிந்தது. இறுக்கிவிட்டு, சக்கரத்தை வண்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் இரும்புக்கடைச் சக்கரத்தைக் கழற்றி, அதன் டயரை உரித்து அசலில் ஏற்றினார். அசல் சக்கரம் ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் இருப்பிடத்தில் போய் உட்கார்ந்தது.

மனைவி தேநீர் கொண்டுவந்தவள் நின்று பார்த்தாள்.

"அப்போ உங்க தம்பிக்கு?"

"இந்த வீலை மாட்டிக் கொடுத்துடறேன். புதுசு மாதிரி இருக்கு."

"கேட்டுட்டு எடுத்திருக்கலாமே. கேட்டா கொடுத்திருப்பாரு."

"என்னன்னு கேக்கச் சொல்றே? உன் முட்டியப் பார்க்க வரல, இதுக்காகத்தான் வந்தேன்னா?"

அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். போகும்போது வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரும்புக்கடைச் சக்கரம் லேசு என்பது பட்டறைக்காரருக்குத் தெரியும். சாணை வண்டிக்குச் சக்கரத்தின் கனம்தான் உயிர் என்பதும் தெரியும். கனமான சக்கரம் ஒரு மிதிக்கு மளமளவென்று பல சுற்று சுற்றும். லேசான சக்கரம் காலை எடுத்தால் நின்றுவிடும், ஓயாமல் மிதித்துக்கொண்டே இருக்கவேண்டும். தெரிந்தேதான் அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார். நன்றாக, இரண்டு தடவை அடித்தார்.

தம்பி வீட்டில் கொண்டுபோய் மாட்டியபோது அவன் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இது வேற வீலாச்சேண்ணே?"

"பழசு ரிம்ல விரிசல்டா. உள்ளுக்குள்ள ஓடியிருந்துச்சு. சுத்தறப்போ பிச்சிக்கிட்டா ஆளையே அடிச்சிடும்."

"அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே." சிவப்பைத் தடவினான். "அந்தப் பழசு எங்கேண்ணே? அப்பா வீலாச்சே, சும்மா ஒரு ஓரமா வச்சிருப்பேன்."

"இரும்புக்குப் போட்டாச்சு."

தம்பி தலையாட்டினான். மிதிகட்டையில் நல்ல காலை வைத்து ஒரு மிதி மிதித்தான். சக்கரம் சுற்றி, காலை எடுத்ததும் நின்றது. இன்னொரு தடவை மிதித்துப் பார்த்தான். "பழகப் பழக சரியாயிடும்" என்று அவனே சொல்லிக்கொண்டான். தம்பி மனைவி அன்றும் சாப்பிடச் சொன்னாள். வேலை இருக்கிறது என்று பட்டறைக்காரர் கிளம்பிவிட்டார்.

கண்காட்சி ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கயிறு கட்டி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சதுரம் பிரித்திருந்தார்கள். முந்தின நாள் மழையில் தரை சொதசொதவென்று இருந்தது. பட்டறைக்காரர் சக்கரத்தில் சேறு படாமல் பலகை போட்டு நிறுத்தியிருந்தார். கூட்டம் அவர் சதுரத்தைச் சுற்றித்தான் அதிகம். ஒரே உதையில் எஞ்சின் பிடித்து, டப் டப் என்று ஒன்றொன்றாக எண்ணக்கூடிய மாதிரி அடித்தபோது கைதட்டினார்கள். அவர் வாய் அன்று தாராளமாக ஓடியது. கியர் லிவரில் அப்பாவின் உள்ளங்கைப் பள்ளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

பேச்சின் நடுவில் நிமிர்ந்தவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தம்பியைப் பார்த்தார்.

தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்பு ஊன்றிக்கொண்டு நின்றான். பக்கத்தில் மனைவி, மகள். மகள் வேலை பார்க்கிற தையல் கடையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டு, நம்ம அப்பா வண்டியல்லவா என்று வீட்டோடு கிளம்பி வந்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தம்பி முகமெல்லாம் சிரிப்பாக வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது பின்பக்கம் குத்துக்காலிட்டிருந்த பூதக்கண்ணாடி உரக்கக் கூப்பிட்டார்.

"வாங்க, எல்லாரும் வந்து பாருங்க! இதுதான் அசல் வீல். நம்பர் தெரியுதா? டிரம் அகலத்தப் பாருங்க, எவ்வளவு குறுகலு! இந்த மாதிரி ஒண்ணு இப்போ தேடினாலும் கெடைக்காது. ஆமா, இந்த மூணு புள்ளி என்ன? கம்பெனி போட்டதா?"

தம்பி மகள் முதலில் பார்த்தாள். "அப்பா, அது நம்ம..." என்று தொடங்கினாள். தம்பி அவள் கையைப் பிடித்து அழுத்தினான். தம்பி மனைவி சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு பட்டறைக்காரரைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவர் கீழே சேற்றைப் பார்த்தார்.

"கேக்கறேனே, இந்தப் புள்ளி?" என்றார் பூதக்கண்ணாடி.

அத்தனை நாள் ஓடின பட்டறைக்காரர் வாய் அப்போது ஒட்டிக்கொண்டது.

"எங்க அப்பா குத்தினதுங்க" என்றான் தம்பி, கயிற்றுக்கு வெளியிலிருந்து. "அவரு சாமான் எல்லாத்துலயும் குத்துவாரு."

"நீங்க?"

"இவரு தம்பி."

"அப்போ இது அந்தக் காலத்துலேருந்தே வண்டியோட இருக்கிற வீல்தான்?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் உண்மையைச் சொல்லட்டும் என்றே பட்டறைக்காரர் நினைத்தார். சொல்லிவிட்டால் எல்லாம் அந்த இடத்தோடு தீர்ந்துவிடும் என்றிருந்தது.

"ஆமாங்க" என்றான் தம்பி. "அண்ணன்தான் பத்திரமா வச்சிருந்தாரு."

சொல்லிவிட்டுக் கம்பை ஊன்றிக்கொண்டு திரும்பினான். மூன்று பேரும் வாசலை நோக்கி நடந்தார்கள். சேற்றில் கம்பு புதைந்து புதைந்து வந்தது. காலை இழுத்துத்தான் நடந்தான். வீக்கம் இறங்கியிருக்கவில்லை. பட்டறைக்காரர் ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தார். அதற்குள் யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதல் பரிசு அவருக்குத்தான். கோப்பையை வாங்கும்போது போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாகப் பின் சக்கரத்தைக் கழற்றி, டயரை உரித்தார். மனைவி கதவோரமாக நின்று பார்த்தாள். தரையில் கிடந்த ஸ்பானரைக் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வாசலில் தம்பி மனைவிதான் இருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. கொடியில் துணியை உதறிப் போட்டபடியே பேசினாள்.

"அவரு வேலைக்குப் போயிட்டாரு."

"இந்தக் காலோடயா?"

"போகாம? வாரக்கணக்கா உக்காந்தாச்சு."

"எந்தப் பக்கம்மா?"

அவள் துணி பிழிந்த கையால் ஒரு பக்கம் காட்டினாள். மாமா என்ற வார்த்தை ஒரு தடவைகூட வரவில்லை.

சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பட்டறைக்காரர் தெருத்தெருவாக நடந்தார். மூன்றாவது தெருவில் குரல் கேட்டது. "கத்தி சாணை பிடிக்கிறது... கத்திரிக்கோல் சாணை பிடிக்கிறதே..." தம்பியின் குரல்தான். ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவன் இப்படிக் கத்தி அவர் கேட்டதேயில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் போகக் கால் வரவில்லை. ஒரு தெரு முழுக்கப் பின்னாலேயே போனார். தம்பி வண்டியை நிறுத்தி, ஒரு கத்தியை வாங்கி, மிதிக்க ஆரம்பித்தான். நல்ல காலால் மிதித்தான், சோர்ந்துபோய் வீங்கின காலுக்கு மாற்றினான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் நல்ல காலுக்கு வந்தான். சிவப்புச் சக்கரம் சுற்றுவதும் நிற்பதுமாக இருந்தது.

பட்டறைக்காரர் எதிரே போய்ச் சக்கரத்தைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

தம்பி பார்த்தான். கத்தியைத் துணியில் துடைத்துக் கொடுத்துவிட்டு, வண்டியைவிட்டு நகர்ந்து ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"நான் உன்..." என்று ஆரம்பித்தார் பட்டறைக்காரர்.

"மாட்டறதுன்னா மாட்டுங்க. வேலை நிக்குது."

அவர் நடுத்தெருவில் மண்டியிட்டார். இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்துச் சிவப்புச் சக்கரத்தைக் கழற்றினார். நட்டு ஒன்று நழுவிச் சாக்கடை ஓரம் உருண்டது. தேடி எடுத்து, வேட்டியில் துடைத்து, மறுபடி மாட்டினார். கத்தியும் கத்திரிக்கோலுமாக வரிசையில் நின்ற நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அசல் சக்கரத்தை ஏற்றி, பட்டையைப் போட்டு, ஒரு தள்ளுத் தள்ளினார். அது சுற்ற ஆரம்பித்து, சுற்றிக்கொண்டே இருந்தது.

"நல்லா வேலை செய்யறாரே!" என்றாள் முன்னால் நின்ற அம்மாள். "யாருங்க இவரு?"

தம்பி எழுந்துவந்து அவள் கத்தியை வாங்கிக்கொண்டு மிதிகட்டையில் கால் வைத்தான். ஒரே மிதி. கல்லில் பொறி பறந்தது.

"மெக்கானிக்குங்க" என்றான். "ரயில் பாதைக்கு அந்தாண்ட பட்டறை வச்சிருக்காரு."

"அப்படியா? எங்க வீட்டு ஸ்கூட்டர் ஒண்ணு ஓடாம கெடக்கு. இவருகிட்ட நம்பிக் கொடுக்கலாமா?"

தம்பி கத்தியைக் கல்லில் சாய்த்துப் பிடித்தான். ஒரு பக்கம் தீட்டி, திருப்பி மறுபக்கம் தீட்டினான். பட்டறைக்காரர் இன்னும் மண்டியிட்டபடியேதான் இருந்தார்.

"தாராளமா கொடுக்கலாங்க. கை சுத்தமான வேலைக்காரரு" என்றான். கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். "ஆனா வண்டிய விட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க. பக்கத்துலயே நின்னு பார்த்துக்கங்க."

அந்த அம்மாள் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். பட்டறைக்காரர் தலையை நிமிர்த்தாமல், ஏற்கெனவே இறுக்கியிருந்த நட்டை இன்னொரு தடவை இறுக்கினார்.